ஊழின் சுக்கானும் மனிதரின் கையும்

பொம்மையார்பாளையத்தில் கடலரிப்பினால் வீடிழந்தோரும், வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் காலந்தவறிய மழையினால் விளைந்த உப்பை இழந்தோரும், "எல்லாம் தலைவிதி" என்று கூறக் கேட்கிறோம். இச்சொல்லுக்கு ஆயர் உடன்படுவதா, மறுப்பதா?

இவ்வினாவைப் பண்டைய உரோமரும் ஆராய்ந்தனர். அவர்கள் இக்கரைக்கு முற்றிலும் அந்நியரல்லர். புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்கலங்களும் மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. அக்கலங்களைச் செய்த மக்கள் ஃபொர்த்தூனா என்னும் தெய்வத்தை வணங்கினர். அத்தெய்வத்தின் ஒரு கையில் செல்வக் கொம்பும், மறு கையில் சுக்கானும் இருக்கும். வாழ்வாகிய மரக்கலத்தைத் திருப்புவது அவளே என்பது பொருள்.

இத்திருப்பங்களைத் தம் வாழ்விலேயே கண்டவர் செனெக்கா. கி.பி. 41 முதல் 49 வரை அவர் கோர்சிகாத் தீவில் நாடு கடத்தப்பட்டிருந்தார்; பின்னர் நீரோவின் ஆசிரியராக உயர்ந்தார்; 65இல் அதே நீரோவின் கட்டளையால் உயிர் துறந்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் பவுலின் வழக்கைத் தள்ளிவிடும் கல்லியோன் இவருடைய தமையனே. லியோன் நகரம் எரிந்தழிந்ததைப் பற்றிய கடிதத்தில், வரக்கூடிய இழப்புகளை முன்னதாகவே மனத்தில் எண்ணிப் பழகுமாறு செனெக்கா அறிவுறுத்துகிறார். 2004இல் ஆழிப்பேரலையையும் 2011இல் தானே புயலையும் கண்ட இக்கரைக்கு இது பயனற்ற அறிவுரையன்று. ஆயினும் இது துன்புறுவோனின் உள்ளத்தைத் திடப்படுத்துகிறதேயன்றி, துன்பத்தை விளைவித்தவர் யார் என்று கேட்பதில்லை.

அக்கேள்வியைப் போரைக் குறித்து எழுப்பியவர் தாசித்து. பிரிட்டனில் படை நடத்திய தம் மாமனார் அக்ரிக்கோலாவின் வரலாற்றை எழுதுகையில், உரோமர் தம் பேராசைக்கு நற்பெயர் சூட்டுகின்றனர் என்னும் குற்றச்சாட்டைப் பகைவர் தலைவனாகிய கால்ககசின் வாயிலாக வைக்கிறார். தோற்றவர்களின் அழிவு வெறும் ஊழன்று. அதில் மனிதரின் ஆசைக்கும் பங்குண்டு என்பதை இங்கே காண்கிறோம்.

410இல் கோத்தியர் உரோமைச் சூறையாடியபின், 'கடவுளின் நகரம்' என்னும் நூலை எழுதத் தொடங்கிய அகுஸ்தீன், பேரரசின் உயர்வுக்கு ஊழோ தற்செயலோ காரணமன்று என்று வாதாடினார். தம் முதுமையில், முந்திய நூல்களில் 'ஃபொர்த்தூனா' என்னும் சொல்லை மிகுதியாகக் கையாண்டதற்காக வருந்தினார். ஒரு சொல்லைக் குறித்து அத்தனை கவலை எதற்கு? பொறுப்பை மறைக்கும் வல்லமை அச்சொல்லுக்கு உண்டு என்பதே நாம் அதிலிருந்து கற்கும் பாடம்.

நம் கரைக்குத் திரும்புவோம். இக்கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்கென அமைந்த அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரிந்தது. ஓரிடத்தில் கல் கொட்டினால், அரிப்பு அதற்கு வடக்கேயுள்ள குப்பத்திற்கு நகர்கிறது. புயலை மனிதர் கட்டவில்லை. சுவரை மனிதரே கட்டினர்.

ஆகவே ஆயரின் முதற்கடமை பகுத்தறிதல். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டோர் மற்றெல்லாரிலும் பாவிகள் என்னும் எண்ணத்தை ஆண்டவர் மறுக்கிறார். அங்ஙனமே, வீடிழந்தவனை நோக்கி "இது உன் பாவம்" என்று கூற நமக்கு உரிமையில்லை. "இது உன் விதி" என்று கூறவும் உரிமையில்லை. தவிர்க்கவியலாத இழப்பில் அவனோடு அமர்ந்திருப்போம். தவிர்க்கக்கூடிய இழப்பில் அவனோடு எழுந்து நின்று காரணம் கேட்போம்.