பல்லையும் காப்போம், பணத்தையும் காப்போம்



குழுக்களின் கடன் நோட்டில் "மருத்துவச் செலவு" என்ற காரணம் அடிக்கடி வருகிறது. என்ன செலவு என்று கேட்டால் பிரசவம், காய்ச்சல், ஆபரேஷன் என்பார்கள். கூடவே "பல்லு வலிங்க, தாங்க முடியல" என்றும் சொல்கிறார்கள். கடனைக் கொடுக்கிறோம், பல்லைப் பிடுங்குகிறார்கள், தவணை ஓடுகிறது. அடுத்த வருடம் அதே வீட்டில் இன்னொரு பல்.

பல் வலி திடீரென்று வருவதில்லை. வலிப்பதற்கு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் முன்பே சொத்தை ஆரம்பித்துவிடுகிறது. ஆரம்பத்தில் அது வலிக்காது. வலிக்காத காலத்தில் கவனித்தால் செலவு சிறியது. வலித்த பிறகு போனால் பணமும் போகும், பல்லும் போகும். இந்த ஒரு விஷயத்தை எல்லா உறுப்பினர்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சொத்தை எப்படி வருகிறது?

"பல்லுல புழு விழுந்துடுச்சு" என்று நம் ஊரில் சொல்வார்கள். பல்லில் புழு கிடையாது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்து, பஞ்சில் புழுவை எடுத்துக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் ஏமாற வேண்டாம்.

நம் எல்லோர் வாயிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையும் மாவுப் பண்டமும்தான் அவற்றுக்குத் தீனி. தின்றுவிட்டு அவை அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் இருக்கும் எனாமல் என்ற கெட்டியான ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஒவ்வொரு முறை இனிப்பு சாப்பிட்ட பிறகும் ஏறக்குறைய அரை மணி நேரம் இந்த அரிப்பு நடக்கும். பிறகு நம் உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, பல்லைச் சரி செய்யப் பார்க்கும்.

அதனால் எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பது முக்கியம். ஒரு லட்டைச் சாப்பாட்டோடு தின்று முடித்தால் ஒரு தடவைதான் அரிப்பு. காலையிலிருந்து நாலு தடவை சர்க்கரை போட்ட டீ, நடுவில் பிஸ்கட், பன், மிட்டாய் என்று போனால் உமிழ்நீருக்குச் சரி செய்ய நேரமே கிடைக்காது. பல்லில் ஒட்டிக்கொள்ளும் பண்டங்கள் இன்னும் மோசம். சாப்பிட்டவுடன் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளிப்பது காசு இல்லாத வைத்தியம்.

ராத்திரி ஏன் பல் விளக்க வேண்டும்?

காலையில் பல் விளக்காமல் யாரும் டீ குடிப்பதில்லை. ஆனால் ராத்திரி விளக்குபவர்கள் எத்தனை பேர்? தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பல் இடுக்கில் தங்கிய சோறும் களியும் கிருமிகளுக்கு ராத்திரி முழுக்க விருந்து. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவை விளக்க வேண்டும். ராத்திரி விளக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. விளக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் சாப்பிடக்கூடாது.

விளக்கும் முறை:

1. மெதுவான நார் உள்ள பிரஷ் வாங்குங்கள். கெட்டியான பிரஷ் ஈறையும் பல்லையும் தேய்த்துவிடும்.

2. பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். பாத்திரம் தேய்ப்பது போல அழுத்தி இழுக்க வேண்டாம்.

3. வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் மூன்றையும் விளக்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சொத்தையும் அங்கேதான் அதிகம்.

4. இரண்டு நிமிடம் விளக்குங்கள். கடைசியில் நாக்கையும் மெதுவாக வழித்துவிடுங்கள்.

5. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ்ஷை மாற்றுங்கள். நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் உபயோகிக்கக் கூடாது.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 16 பிரஷ் வேண்டும். ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும் 320 ரூபாய்தான். தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து உறை போட்டால் பல ஆயிரம் ஆகும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வேப்பங்குச்சி, சாம்பல், செங்கல் தூள்

வேப்பங்குச்சி கெட்டது இல்லை. நுனியை நன்றாக மென்று மெத்தென்று ஆக்கிக்கொண்டு விளக்கலாம். ஆனால் உள்பக்கத்துக்கும் பல் இடுக்குக்கும் அது சரியாகப் போகாது. காலையில் குச்சி பழக்கம் இருந்தாலும், ராத்திரி பிரஷ்ஷும் ஃபுளோரைடு கலந்த பேஸ்ட்டும் வைத்து விளக்குங்கள்.

சாம்பல், செங்கல் தூள், கரித்தூள், கல் உப்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அவை எனாமலைத் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அப்புறம் தண்ணி பட்டாலும் கூசும், புளி பட்டாலும் கூசும். புளி தட்டும் வேலைக்குப் போகும் சகோதரிகள் வேலைக்கு நடுவே புளியை வாயில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். புளிப்பும் அமிலம்தான்.

நம்ம மாவட்டத்துப் பல் கறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உள்ள நமக்கு இன்னொரு பிரச்சனையும் உண்டு. பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடிக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் உள்ள தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடிக்கும் பிள்ளைகளுக்கு, பல் உள்ளே உருவாகும்போதே கெட்டுப்போய், வெள்ளைத் திட்டாகவோ பழுப்புக் கறையாகவோ முளைக்கும். ஏறக்குறைய 8 வயது வரை இந்த ஆபத்து உண்டு. பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும்கூடப் பாதிக்கும்.

இந்தக் கறை அழுக்கு இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று மகளின் பல்லைச் செங்கல் தூள் போட்டுத் தேய்க்கச் சொல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பெண் பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். தேய்த்தால் கறை போகாது, பல்தான் போகும். "ஒழுங்கா பல்லு வெளக்குறதில்ல" என்று அந்தப் பிள்ளையைத் திட்டுவதும் நியாயம் இல்லை. தப்பு தண்ணீரில் இருக்கிறது. கறையைக் குறைக்கவும் மறைக்கவும் பல் டாக்டரிடம் வழி உண்டு.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் அதிகமாகும். துணியில் வடிகட்டினாலும் போகாது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் கொண்டுவரப்பட்டது. அந்தத் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்கவும், சமைக்கவும், களி கிண்டவும் அதையே பிடித்து வையுங்கள். துணி துவைக்க, மாட்டுக்கு, தோட்டத்துக்கு எல்லாம் போர் தண்ணீர் போதும். தண்ணீர் சரியாக வராத ஊரில் குழுவாகச் சேர்ந்து கிராம சபையில் பேசுங்கள். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் சோதித்துத் தரவும் கேட்கலாம்.

"தண்ணியிலயே ஃபுளோரைடு இருக்கு, பேஸ்ட்டுல வேற எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். பேஸ்ட்டை நாம் விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறோம். அது பல்லின் மேலே பட்டுச் சொத்தையைத் தடுக்கிறது. விழுங்கிவிடும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஜாக்கிரதை வேண்டும். 3 வயது வரை அரிசி அளவு, அதற்கு மேல் 6 வயது வரை பட்டாணி அளவு போதும். போர் தண்ணீர் மட்டுமே குடிக்கும் ஊர் என்றால் பிள்ளைக்கு என்ன பேஸ்ட் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் பல்

முதல் பல் ஏறக்குறைய 6 மாதத்தில் முளைக்கும். அன்றிலிருந்தே சுத்தம் செய்ய வேண்டும். சர்க்கரை போட்ட பாலை பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க வைத்தால் முன் பற்கள் வரிசையாகச் சொத்தை ஆகும்.

"பால் பல்லு தானே, எப்படியும் விழப்போகுது" என்று விடாதீர்கள். பால் பல் சொத்தையும் வலிக்கும், சீழ் பிடிக்கும், பிள்ளை சாப்பிடாது. கீழே உள்ள நிலையான பல்லுக்கும் அது இடம் பிடித்து வைத்திருக்கிறது.

இதையும் கவனியுங்கள். 6 வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிலையான பல். ஆயுசுக்கும் அது ஒன்றுதான். பல தாய்மார்கள் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் 6, 7 வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே வாயைத் திறந்து பாருங்கள். 8 வயது வரை பெரியவர்கள் பக்கத்தில் நின்று விளக்கிவிடுவது நல்லது.

கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும்

கர்ப்ப காலத்தில் உடம்பில் ஏற்படும் மாற்றத்தால் ஈறு வீங்கும், ரத்தம் வரும். ரத்தம் வருகிறது என்று விளக்குவதை நிறுத்தினால் இன்னும் மோசமாகும். மெதுவாக விளக்குங்கள். வாந்தி எடுத்தால் உடனே விளக்காமல், தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து விளக்குங்கள்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய்க்கு ஒரு பல்லு போகும்" என்பது உண்மை இல்லை. குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுப்பதில்லை. கர்ப்பமாக இருக்கும்போது பல் சிகிச்சை செய்துகொள்ளலாம். 4 முதல் 6 மாதம் வரை அதற்கு வசதியான காலம். மாசமாக இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது. 2021-ல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்குபவர்கள், ஈறில் ரத்தம் வந்தால் அதையும் சொல்லுங்கள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை

"புகையிலை அடக்கினா பல்லு வலி தெரியாது" என்று ஆரம்பித்து விட முடியாமல் தவிக்கும் சகோதரிகள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். வலி மரத்துப்போகிறது, நோய் உள்ளே வளர்கிறது. புகையிலை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். பேஸ்ட்டிலும் பல்பொடியிலும் புகையிலை கலக்கக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே தடை செய்தது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைச் சரியாகத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிச்சல் - இவற்றில் எது இருந்தாலும் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்கலாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

பல்லில் கறுப்புப் புள்ளி, சின்னக் குழி, ஒரு இடத்தில் மட்டும் சோறு சிக்குவது, ஜில்லென்று குடித்தால் கூசுவது - இந்த நிலையில் போனால் குழியைச் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடியும். சொத்தை நரம்பு வரை போய்விட்டால் வேர் சிகிச்சை, பல நடை, அதிகச் செலவு. அதையும் விட்டால் பிடுங்குவதுதான் வழி. பிடுங்கிய இடம் காலியாக இருந்தால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், மெல்லுவதும் ஒரு பக்கமே ஆகும்.

வலிக்கும்போது வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். பஞ்சில் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் வைக்கலாம். இவை ஆஸ்பத்திரிக்குப் போகும் வரைக்கும்தான். மாத்திரையைப் பொடித்துப் பல்லில் வைப்பது, மண்ணெண்ணெய் வைப்பது எல்லாம் ஈறைப் புண்ணாக்கிவிடும். முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது உயிருக்கே ஆபத்து.

"மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு தெரியாமப் போயிடும்" என்பது வெறும் பயம். பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தம் இல்லை. "பல்லு சுத்தம் செஞ்சா ஆட ஆரம்பிச்சுடும்" என்பதும் தவறு. ஈறின் கீழ் படிந்த காரைதான் பல்லை ஆட வைக்கிறது. காரையை எடுத்தால் ஈறு திரும்ப இறுகும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், தாலுகா அரசு மருத்துவமனைகளிலும், பல வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் டாக்டர் இருக்கிறார். எந்த நாள், எத்தனை மணி வரை என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி வீணாகாது.

குழுவில் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். பிறகு கீழ்க்கண்டவற்றைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்:

1. எல்லா உறுப்பினர் வீட்டிலும் ஆளுக்கு ஒரு பிரஷ். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

2. ராத்திரி பல் விளக்குகிறோமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பது.

3. வலி இல்லாத போதே, வருடத்துக்கு ஒரு தடவை நாலைந்து பேராகச் சேர்ந்து அரசு ஆஸ்பத்திரியில் பல்லைக் காட்டி வருவது. தனியாகப் போகத் தயங்குபவர்கள் துணையோடு போவார்கள்.

4. புகையிலையை விட நினைக்கும் உறுப்பினருக்குக் கேலி செய்யாமல் துணை நிற்பது.

1989-ல் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் ஆரம்பிக்கப்பட்டது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். அன்றைக்குச் சின்னச் சேமிப்பு பெரிய கடனைத் தடுக்கும் என்று கற்றுக்கொண்டோம். பல்லுக்கும் அதே கணக்குதான். தினமும் ராத்திரி இரண்டு நிமிடம் சேமியுங்கள்.