கம்பியில் உட்காராத குருவி

திருவண்ணாமலை கிழக்கு ராஜகோபுரத்தின் அடியில் மாலை ஐந்தரை மணிக்கு நின்று அண்ணாந்து பாருங்கள். 217 அடி உயரம், 11 நிலை. உச்சியைச் சுற்றிக் கரும்புள்ளிகள் கிறீச்சிட்டபடி சுழலும். அருகில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "குருவிங்க தம்பி" என்றார்.

அவை நாட்டு உழவாரன்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே அப்பர் தோளில் சாத்திய உழவாரப்படைதான் எனக்கு நினைவுக்கு வரும். அண்ணாமலையாரைப் பாடியவர் அல்லவா!

பறவை பார்க்கத் தொடங்குபவர்கள் நிறத்தைத் தேடித்தான் ஏமாறுகிறார்கள். அந்தி வெளிச்சத்தில் எல்லாப் பறவையும் கறுப்பு. சிறகின் வடிவத்தையும் பறக்கும் தினுசையும் பாருங்கள். உழவாரனின் சிறகு அரிவாள் போல ஒரே வளைவாக, விறைப்பாக இருக்கும். படபடவென நாலு சிறகடி, பிறகு ஒரு நீண்ட வழுக்கல். திரும்பும்போது முதுகின் கீழ்ப்பக்கம் வெள்ளைத் திட்டு ஒரு கணம் பளிச்சிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் பறவை தகைவிலான். அதற்கு வயிறு வெளிறியிருக்கும், வால் பிளவுபட்டிருக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருவதால் கார்த்திகை தீபச் சமயத்தில் இரண்டையும் ஒரே வானத்தில் பார்க்கலாம். ஆனால் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான்தான். சந்தேகமே வேண்டாம்.

உழவாரனால் கம்பியில் உட்கார முடியாது. கால் அவ்வளவு குட்டை. விரல்கள் கிளையைச் சுற்றிப் பிடிப்பதற்கானவை அல்ல. கூரிய நகங்களால் செங்குத்துச் சுவரில் தொற்றிக்கொள்ளத்தான் அவை உதவும். ஆகவே பூச்சி பிடிப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் பறந்தபடியேதான். கூடு கட்டத் தேவையான இறகையும் காய்ந்த புல்லையும்கூடக் காற்றில் மிதக்கும்போதே கவ்விவந்து, தன் எச்சிலைப் பசையாக்கிச் சுவரில் ஒட்டிவிடும். மரப்பொந்து தேடாத இந்தப் பறவைக்குக் கோபுரம் ஒரு மலைமுகடு. இதன் ஐரோப்பிய உறவான சாதா உழவாரன்களில் சில, பத்து மாதம் தரையிறங்காமலே பறக்கின்றன என்று 2016-இல் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

எனக்கு இன்றும் வியப்புத் தீராத செய்தி வேறு. பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கும் தகைவிலான் உழவாரனுக்குச் சொந்தமே இல்லை. அது காக்கை, மைனா, சிட்டு சேர்ந்த பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. உழவாரனின் நெருங்கிய சொந்தம் அமெரிக்கக் கண்டங்களின் ஹம்மிங் பறவை! இரண்டுக்கும் மேற்கை எலும்பு மிகக் குட்டை, கைப்பகுதி மிக நீளம். சிறகின் பெரும்பகுதி அந்தக் கைதான். பறக்கும் பூச்சியைத் துரத்தும் ஒரே தொழில், வேறு வேறு வம்சங்களான உழவாரனுக்கும் தகைவிலானுக்கும் ஒரே உருவத்தைக் கொடுத்துவிட்டது.

விளக்குகள் எரியத் தொடங்கும்போது இரைச்சல் கூடுகிறது. பிறகு ஒவ்வொன்றாக, வேகம் குறையாமலே, சுதைச் சிற்பங்களுக்கு இடையில் போய் மறைகின்றன. நேற்று நாற்பத்திரண்டு வரை எண்ணினேன்; அதற்குள் இருட்டிவிட்டது.