கருவி மறைந்த பின்னும் வாழும் சொற்கள்

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை நடுவில் நிறுத்தப்பட்டது. 1850இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைக்காகக் கம்பி இழுக்கப்பட்டபோது தொடங்கிய அந்த வரலாறு, கைப்பேசிக் குறுஞ்செய்தியும் இணையமும் பரவியபின் ஆதரவிழந்து, ஒன்றரை நூற்றாண்டு கடந்த நிலையில் முடிவுக்கு வந்தது. ஆயினும் குளிரில் நடுங்குபவரின் பற்கள் தமிழில் இன்றும் 'தந்தியடிக்கின்றன'. தந்தி நிலையத்தில் மின்காந்தம் ஒரு சிறு உலோகக் கையை இழுத்தும் விட்டும் எழுப்பிய 'கடகட' ஓசையைக் காதால் கேட்டே பணியாளர்கள் எழுத்துகளைக் குறித்துக்கொண்டனர். அந்த ஓசையைக் கேட்டறியாத தலைமுறையும் உவமையை வழுவின்றிக் கையாள்கிறது.

இந்தச் சொல்லுக்கு முன்பே ஒரு வாழ்வு இருந்தது. தந்தி என்பது முதலில் யாழ், வீணை முதலிய இசைக்கருவிகளின் நரம்பையும் கம்பியையும் குறித்தது. கம்பி வழியாகச் செய்தி சென்றபோது அச்சொல் செய்திக்கும் பெயராயிற்று. பின்னர் விரைவுக்கு அடையாளமாகி, சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய நாளிதழின் பெயரில் இடம்பெற்றது. தந்திச் சேவை நிற்பதற்கு முந்தைய ஆண்டில், 2012இல், அதே பெயரைத் தாங்கி ஒரு செய்தித் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டது.

தொழில்நுட்பச் சொற்களின் இத்தகைய நீள் வாழ்வுக்குத் தமிழில் பனையோலையைவிடச் செழுமையான சான்று இல்லை. பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி, கீறலில் மை தடவி, துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டிய சுவடியே பல நூற்றாண்டுகள் தமிழரின் நூலாக இருந்தது. அதில் தனித்தனியாக அமைந்த ஓர் ஓலையே ஏடு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோது தமிழில் அச்சுநூல் வந்துவிட்டது என்றாலும், திண்ணைப் பள்ளிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஓலை புழங்கியதால், ஏடு என்னும் சொல் தாளுக்கு இடம்பெயரப் போதிய அவகாசம் கிடைத்தது. நாளேடு, குறிப்பேடு, கையேடு, வருகைப் பதிவேடு ஆகிய அனைத்தும் அந்த இடப்பெயர்வின் விளைவுகளே. வணிகக் கணக்குகளைத் தலைப்புவாரியாகத் தொகுக்கும் பேரேடு இன்று கணினிக்குள் வெறும் எண்களாக இருந்தும் பெயர் மாறவில்லை. வெறும் நூலறிவைக் குறிக்க ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி போதுமானதாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதல் எழுத்தைக் கற்பிக்கும் சடங்கு, விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் இன்றைய நிலையிலும், ஏடு தொடக்குதல் என்றே வழங்குகிறது. தமிழ்க் கத்தோலிக்கத் தேவாலயங்களில் திருமணத்துக்கு முன் மணமக்களின் பெயர்களைச் சபையில் அறிவிப்பது ஓலை வாசித்தல் எனப்படுகிறது. வாசிப்பவர் கையில் இருப்பது தாள்.

அஞ்சல் என்னும் சொல்லின் கதை இன்னும் நெருக்கமாக ஆராயத்தக்கது. ஓர் ஆள் குறிப்பிட்ட தொலைவு ஓடி அடுத்தவரிடம் ஒப்படைக்க, அவர் அங்கிருந்து ஓடும் தொடர்முறையே அஞ்சல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், மணி கட்டிய கோலை ஏந்தி ஓடுவோரைக் கொண்டு இயங்கிய கடிதப் போக்குவரத்துக்கு இதுவே அதிகாரப்பூர்வப் பெயர். 1951இல் அது இந்திய அஞ்சல் துறையுடன் இணைக்கப்பட்டது. கைமாற்றித் தருவது என்னும் மூலப்பொருள் அச்சொல்லில் உயிர்ப்புடன் இருந்ததால்தான், ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை வேறொரு நிலையம் பெற்று ஒலிபரப்புவதை வானொலியினர் அஞ்சல் செய்தல் என்றனர். இலங்கைப் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிகளில் குறுந்தடியைக் கைமாற்றி ஓடுவது அஞ்சல் ஓட்டம் எனப்படுகிறது. மின்னஞ்சலும் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு ஒப்படைக்கப்பட்டே சேருமிடத்தை அடைகிறது என்பதால், அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் எண்ணியதைவிடவும் அது பொருத்தமாக அமைந்துவிட்டது.

காலத்தை அளக்கும் சொற்களிலும் இதே நிலை காணப்படுகிறது. அடியில் நுண்துளையிட்ட கலத்தில் நீர் இறங்கும் அளவைக் கொண்டு கணித்த நாழிகை, அதாவது 24 நிமிடம், பஞ்சாங்கத்தோடு ஒதுங்கிவிட்டது; பொழுதை அறிவிக்க அடித்த மணியோ நேரத்தின் அலகாகவே மாறிவிட்டது. இப்போது மணி என்ன என்று கேட்பவர் எந்த ஓசையையும் எதிர்பார்ப்பதில்லை. மின்விளக்கைத் தீயைப் போல அணைக்கிறார்கள். அந்திப் பொழுதை விளக்கு வைக்கும் நேரம் என்கிறார்கள். கைப்பேசி உரையாடலை முடிக்கும்போது, ஒலிவாங்கியைத் தாங்கியின் மேல் வைத்த காலத்தின் வழக்கப்படி, போனை வைக்கிறேன் என்கிறார்கள். ஒருவர் பகட்டுவதைப் பிலிம் காட்டுதல் என்று சுட்டும் பேச்சுவழக்கு, திரையரங்குகளிலிருந்து படச்சுருள் நீங்கிய பிறகும் குறையவில்லை.

எல்லாச் சொற்களும் இவ்வாறு தப்புவதில்லை என்பதையும் கருத வேண்டும். வெளியூருக்குப் பேச, தொலைபேசி நிலையத்தில் முன்பதிவு செய்து, பணியாளர் இணைப்புத் தரும்வரை காத்திருந்த டிரங்க் கால், 1960இல் கான்பூர், லக்னோ நகரங்களுக்கிடையே நேரடியாக எண் சுழற்றிப் பேசும் முறை தொடங்கி அது படிப்படியாக நாடெங்கும் விரிந்தபின், முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியது. அதற்கு மாற்றாக வந்த எஸ்.டி.டி.யும் அதே கதியை அடைந்தது. இந்த வேறுபாட்டின் காரணம் தெளிவானது. எழுதுதல், செய்தி சேர்த்தல், பேச்சை முடித்தல் ஆகிய செயல்கள் கருவி மாறியும் தொடர்கின்றன. ஆதலால் அவற்றோடு ஒட்டிய சொற்கள் பிழைக்கின்றன. இணைப்புக்குப் பதிவு செய்து காத்திருத்தல் என்னும் செயலே ஒழிந்தபோது அதன் சொல்லும் ஒழிந்தது. பழஞ்சொல் ஒட்டிக்கொண்டிருப்பதை மொழியின் பின்தங்கலாகக் கருதுவோர் இந்த அடிப்படையைக் காணத் தவறுகின்றனர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தபோது தந்தியும் அச்சுக் கோக்கும் ஈய எழுத்தும் அன்றாடப் பொருள்கள்; அவற்றின் இயக்கத்தை விளக்கும் தேவை அன்று எழவில்லை. இப்போது எழுந்திருக்கிறது. இனி வரும் அகராதிகள் இத்தகைய சொற்களுக்குப் பொருள் தருவதோடு, அவற்றைப் பிறப்பித்த கருவி எது, அது எவ்வாறு இயங்கியது, எப்போது வழக்கொழிந்தது என்பதையும் படத்துடன் பதிய வேண்டும். தந்தி அடித்தவர்களும், அச்சுக் கோத்தவர்களும், திரையரங்குகளில் சுருள் மாட்டியவர்களும் நம்மிடையே இருக்கும்போதே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அவர்களின் தொழிற்சொற்களைக் கேட்டுப் பதிவு செய்யும் பணியைத் தொடங்க வேண்டும்.