சாயப்பட்டறையும் சிறுநீர்ப்பையும்

குமாரபாளையத்துச் சாயப்பட்டறைகளில் பல வருஷம் வேலை பார்த்தவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், சூடு என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. இரண்டு நாளில் தானாக நின்றுபோனாலும் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும்.

சாய ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்நோய் வருவதை ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரேன் 1895லேயே எழுதினார். சாயத் தயாரிப்பில் பயன்பட்ட பென்சிடின் போன்ற பொருள்கள் சிறுநீரில் கலந்து, பையில் தேங்கி, அதன் உட்சுவரைக் கெடுக்கின்றன. பென்சிடின் சாயங்களை இந்தியா 1990களில் தடைசெய்துவிட்டது. ஆனால் நோய் இருபது, முப்பது வருஷம் கழித்தும் தலைகாட்டும். பீடி, சிகரெட் புகையிலும் இதே இனப் பொருள்கள் உண்டு. இன்று பெரிய காரணம் அதுதான்.

கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று, பையின் தசைக்குள் இன்னும் இறங்காதவை. அவற்றுக்குள் புற்றணுக்களோடு நம் வெள்ளணுக்களும் இருக்கும். அந்த வெள்ளணுக்களில் புற்றைக் கொல்லத் தெரிந்த டி அணுக்கள் உண்டு. அவற்றை அடக்கிவைக்கும் வேறுவகை டி அணுக்களும் உண்டு. மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்களில் சில, கட்டி வளரவே துணைபோகின்றன. புற்றணு தன்மேல் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டினால், நெருங்கிவந்த டி அணு செயலற்றுப்போகும். படை வந்து சேர்ந்தும் அடங்கிக் கிடக்கிறது.

அந்தப் படையைத் தட்டியெழுப்புவது, குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிறோமே, அந்த பிசிஜி! சென்னை கிண்டியில் 1948 முதல் அதற்கென அரசு ஆய்வகமே உண்டு. காசநோய்த் தடுப்பூசியான அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திக் கண்ட பலனை, கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் 1976ல் வெளியிட்டார். இப்போது கட்டியைச் சுரண்டியெடுத்துச் சில வாரங்கள் கழித்து, மெல்லிய குழாய் வழியாக மருந்தை விடுகிறார்கள். இரண்டு மணி நேரம் அடக்கிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம். வலுக்குறைந்த அந்த உயிர்க்கிருமி சுவரில் ஒட்டியதும் நியூட்ரோஃபில், மேக்ரோபேஜ், டி அணு என வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. கிருமியை எதிர்த்து வந்தவை மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் தாக்குகின்றன. எரிச்சலும் லேசான காய்ச்சலும் அதனால் வருபவையே. நீடித்தாலோ கடுமையானாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிசிஜிக்கு மசியாத சில கட்டிகளுக்கு, டி அணுக்களுக்குப் பிடி-எல்1 போடும் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை அமெரிக்கா 2020ல் அனுமதித்தது. விலை மிக அதிகம். தசைக்குள் இறங்கிய புற்றுக்கோ பிசிஜி உதவாது. பல நேரம் பையையே அகற்ற நேரிடும். ஆகவே முதல்முறை ரத்தம் பார்த்ததுமே ஈரோட்டிலோ சேலத்திலோ சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரைப் பாருங்கள். எத்தனை வருஷம் சாயவேலை பார்த்தீர்கள் என்பதை, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.