கடியின் பதம்

கடப்பாக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆலம்பரைக் கோட்டைக்குப் போகும் வழியில், டீக்கடைக்குப் பின்னால் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. அவருடைய மகன் அதில் ஒன்றை இருபத்தைந்தாம் நாளிலேயே தூக்கி வந்துவிட்டான். இப்போது குட்டிக்கு ஏழு வாரம். "பையன் கையெல்லாம் கீறல். சின்னவள் ஓடினால் பாவாடையைக் கவ்விக்கொண்டு தொங்குகிறது. மூக்கில் மிளகாய்ப்பொடி தடவச் சொல்கிறார் என் மாமனார். விளக்குமாற்றால் நாலு போடு என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். எனக்கு மனசு வரவில்லை. வளர்ந்தால் இது கடிநாய் ஆகிவிடுமா?"

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மா. பையன் கையில் பல் பட்டுத் தோல் கீறியிருந்தால் இன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். "பால்பல்தானே, குட்டிதானே" என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய்க் கிருமி குட்டியிடமும் இருக்கலாம். இனிமேல் பல் பட்டால் உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் ஊசியானால் முதல் நாளும், பிறகு 3, 7, 28ஆம் நாட்களும் போடுவார்கள். ரத்தம் வந்த கடியென்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள், மறுக்காதீர்கள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். குட்டிக்கும் மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கடித உறையில் உங்கள் ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே எனக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்துவிட்டது. கடப்பாக்கம் இடைக்கழிநாடு பேரூராட்சியில் இருக்கிறது. அந்தப் பத்துப்பாட்டு நூலைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், உங்கள் மண்ணுக்காரர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாட வந்த புலவர், பாணன் வீட்டு வறுமையைக் காட்ட ஒரு நாயைக் கொண்டுவருகிறார். குட்டி ஈன்று சில நாளே ஆன தாய்நாய் அடுக்களையில் கிடக்கிறது. கண் திறக்காத, காது தொங்கும் குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்கின்றன. வலி பொறுக்க முடியாமல் தாய் குரைக்கிறது. பக்கத்தில் அந்த வீட்டுப் பெண், நகத்தால் கிள்ளி வந்த குப்பை வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, ஊரார் பார்க்காதபடி கதவை அடைத்துவிட்டு உறவோடு உண்கிறாள்.

நாய்க்குட்டியைப் பழைய தமிழ் குருளை என்றது. நான் பல குருளைகளை வளர்த்து, பார்த்து, விலங்கு நடத்தையைப் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகே, அந்தப் புலவர் எவ்வளவு நெருங்கி உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பது புரிந்தது. கண் திறக்காத குட்டிக்குப் பல் கிடையாது. அந்தத் தாயைக் குரைக்க வைத்தது அதன் பசியும் வற்றிய மடியும். ஆனால் அதே இடத்தில் இன்னும் சில வாரம் உட்கார்ந்திருந்தால், குட்டிகள் கற்கும் முதல் பாடத்தையும் அவர் பார்த்திருப்பார்.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குட்டி கண் திறக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து பால்பற்கள் முளைக்கும். மொத்தம் 28. ஊசிமுனை மாதிரி இருக்கும், தாடையிலோ வலுவே இருக்காது. எலும்பைக் கடிக்கவும் முடியாது, இரையைப் பிடிக்கவும் முடியாது. பிறகு எதற்கு இவ்வளவு கூர்மை? எனக்கு நெடுநாள் புதிராக இருந்த விஷயம் இது. கால்நடை மருத்துவரும் விலங்கு நடத்தை அறிஞருமான இயன் டன்பார் சொல்லும் விளக்கம்தான் என் மனத்துக்கு ஒத்துவந்தது. அந்தப் பல் வலிக்கவே வேண்டும், ஆனால் பெரிய காயம் படக்கூடாது. கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதைத் தாடை வலுப்பெறும் முன்பே குட்டி கற்றுக்கொள்ள வேண்டும். கூர்மையும் பலவீனமும் ஒரே வாயில் சேர்ந்திருக்கும் சில மாதங்கள்தான் பள்ளிக்கூடக் காலம். நான்காம் மாதத்தை ஒட்டிப் பால்பற்கள் விழத் தொடங்கும். ஆறேழு மாதத்தில் 42 நிலைப்பற்களும் வந்துவிடும், தாடையும் முற்றிவிடும். பள்ளிக்கூடமும் அத்தோடு மூடிவிடும்.

முதல் ஆசிரியை தாய். மடியில் பல் பட்டதும் எழுந்து நடந்துவிடுவாள், பால் நின்றுவிடும். அடுத்து வருபவர்கள் கூடப் பிறந்தவர்கள். ஒன்று இன்னொன்றின் காதைக் கவ்வும். கொஞ்சம் அழுத்தினால் கடிபட்டது "கீச்" என்று கத்திவிட்டு விலகும், ஆட்டம் நின்றுவிடும். கடித்தது திகைத்து நிற்கும். பிறகு முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு வணக்கம் போடும். "விளையாட்டுக்குத்தான்" என்று அதற்குப் பொருள். மறுபடி ஆட்டம் தொடங்கும், இந்தத் தடவை கொஞ்சம் மென்மையாக. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை இது நடக்கும்.

தீபாவளிக்கு என் அம்மா அதிரசப் பாகு காய்ச்சும்போது நான் அடுப்பருகே உட்கார்ந்திருப்பேன். கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவாள். கரைந்தால் இன்னும் கொதிக்க வேண்டும், கல்லாக இறுகினால் போயிற்று. விரலால் உருட்ட வந்தால்தான் பதம். அதை யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பல தடவை சொட்டுவிட்டுப் பார்த்த விரல் அது. குட்டியும் அப்படித்தான் சொட்டுவிட்டுப் பார்க்கிறது. இவ்வளவு அழுத்தினால் ஆட்டம் தொடருமா, இன்னும் கொஞ்சம் அழுத்தினால்? பதம் தெரிந்த தாய்நாய், மாட்டெலும்பை நொறுக்கும் அதே பற்களால் தன் குட்டியைக் கவ்வி, மழைத்தண்ணீர் தேங்கிய இடத்திலிருந்து மேட்டுக்குக் கொண்டுபோகிறது. குட்டியின் மேல் ஒரு கீறல் விழுவதில்லை.

இருபத்தைந்தாம் நாளில் தூக்கி வந்த உங்கள் குட்டி அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலைத்தான் மிதித்திருந்தது. "சின்னதில் எடுத்தால்தான் ஒட்டும்" என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் புத்தகம் எழுதினார்கள். ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி மனிதரோடு எளிதாக ஒட்டும் என்று அதில் காட்டினார்கள். எட்டாம் வாரத்தில் எடுத்தாலும் நன்றாகவே ஒட்டும். நம் நாட்டில் 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. தெருக்குட்டியை யாரும் விற்பதில்லை, அதனால் அந்த விதி அதைத் தொடுவதில்லை. நம் மனச்சாட்சிதான் விதி. போனது போகட்டும், குட்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தாயும் உடன்பிறப்பும் சொல்ல வேண்டிய மிச்சப் பாடத்தை உங்கள் வீடு சொல்லட்டும்.

அவர்கள் வழியிலேயே சொல்லுங்கள். கடித்ததும் இன்பமான ஒன்று நிற்க வேண்டும், அவ்வளவுதான். பையன் விளையாடும்போது அழுத்திக் கடித்தால் "ஆ" என்று சொல்லிவிட்டுக் கையைத் தளரவிடட்டும். வெடுக்கென இழுத்தால் ஓடும் இரை என்று நினைத்து இன்னும் பிடிக்கும். கை தளர்ந்ததும் எழுந்து முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இருபது எண்ணும் நேரம் போதும், பிறகு மறுபடி விளையாடலாம். "ஆ" என்றதும் இன்னும் குதித்தால் சத்தமே வேண்டாம், பேசாமல் எழுந்து போய்விடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். ஒருவர் விலக, இன்னொருவர் கையை ஆட்டிக் கடிக்கவிட்டுச் சிரித்தால் குட்டிக்கு எந்தப் பாடமும் ஏறாது.

இன்னொன்றும் டன்பாரிடம் கற்றேன். எடுத்த எடுப்பில் "கடிக்கவே கூடாது" என்று தொடங்க வேண்டாம். முதலில் வலிக்கும் கடிக்கு மட்டும் ஆட்டத்தை நிறுத்துங்கள். அது குறைந்த பிறகு நடுத்தரக் கடிக்கு. அப்புறம் பல் அழுத்தினாலே. கடைசியில்தான் பல் படவே கூடாது என்பது. பதம் பழகாமல், அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட நாய், ஒருநாள் வால் மிதிபட்டுத் திரும்பும்போது எவ்வளவு அழுத்துவது என்று தெரியாமல் முழுவேகத்தில் கடிக்கும். டன்பார் கடியை ஆறு படியாகப் பிரித்திருக்கிறார். முதல் படியில் பல் தோலையே தொடுவதில்லை, ஆறாம் படியில் உயிர் போய்விடுகிறது. வயதுவந்த நாய் எந்தப் படியில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தச் சில மாதங்களே முடிவுசெய்கின்றன.

சின்னவளின் பாவாடையைப் பிடிப்பதில் கோபம் ஏதும் இல்லை. அசைவதைத் துரத்துவது அதன் இயல்பு. குட்டி பாய்ந்து வந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கப் பழக்குங்கள். ஆடாத பாவாடை குட்டிக்குச் சலித்துவிடும். அப்போது கடிக்க ஏதாவது கொடுங்கள். ஈரத்துணியை முறுக்கிக் குளிரவைத்துக் கொடுத்தால் பல் முளைக்கும் ஈறுக்கு இதமாக இருக்கும். பழைய செருப்பு வேண்டாம், பழசுக்கும் புதுசுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வேகவைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதுவும் வேண்டாம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து ஓயாமல் தூக்கிக் கொஞ்சினால், தூக்கம் கெட்ட குட்டி விளக்கு வைக்கும் நேரத்தில் கண்டபடி கடிக்கும். அப்போது அதற்குத் தேவை ஒரு நிழலான மூலையும் ஒரு சாக்கும்தான்.

மிளகாய்ப்பொடியும் விளக்குமாறும் ஏன் வேண்டாம் என்பதை என் வீட்டுக் கதையால் சொல்கிறேன். எனக்குப் பத்து வயதில் மணி என்றொரு குட்டி இருந்தது. கடித்தால் அடி விழுந்தது, உறுமினால் இன்னும் பலமாக விழுந்தது. மணி உறுமுவதை விட்டது. "திருந்திவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். பத்தாம் மாதத்தில் ஒருநாள், சாப்பிடும்போது கிட்டே போன என் தங்கையின் முழங்கையில் எலும்பு தெரியக் கடித்தது. ஒரு சின்ன உறுமல்கூட இல்லை. மறுநாள் மணியைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ப் பாலாற்றுக்கு அப்பால் விட்டுவிட்டார்கள். வண்டிக்குப் பின்னால் அது எவ்வளவு தூரம் ஓடிவந்தது என்பதை அப்பா சொல்லவில்லை. நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்கும் முன்பே, துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள், உங்கள் குப்பத்துக்காரர்கள் படகை மேலே இழுத்துப் போட்டார்கள். நாயின் உறுமல் அந்தக் கூண்டு. கூண்டை அடித்து இறக்கினால் புயல் நிற்காது, வருவது மட்டும் தெரியாமல் போகும். உங்கள் குட்டி உறுமினால் நீங்கள் நின்று, எதற்காக உறுமியது என்று பாருங்கள்.

மணியைப் போல எத்தனையோ நாய்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்றும் இறக்கிவிடப்படுகின்றன. குட்டியாக இருக்கும்போது கையைக் கொடுத்துக் கடிக்கவிட்டு ரசிப்பது, வளர்ந்தால் அடிப்பது, பிறகு காவலுக்கென்று நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுவது, கடித்துவிட்டால் ஊர் தாண்டி விடுவது. ஒவ்வொரு கட்டத்திலும் கற்பித்தது நாம், தண்டனை மட்டும் நாய்க்கு. கடுவன் குட்டியை எடுத்துக்கொண்டு பொட்டைக் குட்டிகளைப் பாலில்லாத தாயிடமோ குப்பைமேட்டிலோ விடுவதும் நம் பழக்கம்தான். பசித்த தாயால் மடி கொடுக்கவும் முடியாது, பாடம் சொல்லவும் முடியாது. நத்தத்தனார் பார்த்த அடுக்களையில் நாய்க்கும் பெண்ணுக்கும் ஒரே பசி. கொடுக்க ஒன்றுமில்லாத அந்த வீடுகூட ஈன்ற நாயை வெளியே துரத்தவில்லை என்பதை நான் மறக்க மாட்டேன்.

அதே ஈற்றில் இன்னொரு குட்டியை இரண்டு வீடு தள்ளி வளர்க்கிறார்கள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்களே, அம்மா, உங்கள் பிரச்சினைக்குப் பாதி மருந்து அது. கால்நடை மருத்துவரிடம் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டி, தடுப்பூசிகளைத் தொடங்கிவிடுங்கள். பிறகு தினமும் மாலையில் அரை மணி நேரம் உங்கள் வாசலில் இரண்டையும் விடுங்கள். கீச்சென்று கத்தும், விலகும், மறுபடி வணங்கிச் சேரும். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். மீன்சோறு மிஞ்சினால் பையனிடம் கொடுத்து டீக்கடைப் பின்புறம் அனுப்புங்கள். தாய் இன்னும் அங்கேதான் இருக்கும். அடுத்த ஈற்றுக்கு முன் அதற்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு பண்ண முடிந்தால், அதைவிடப் பெரிய உதவி அந்த நாய்க்கு வேறில்லை.