சத்திரசிகிச்சைக்கு முந்திய தேகப்பயிற்சி



புற்றுநோய் என்னும் சொல் ஓர் இல்லத்துள் நுழைந்ததும் அங்கே முதலில் விரிக்கப்படுவது படுக்கையேயாகும். நேற்றுவரை கரைவலை இழுத்தவரும், உப்பளத்திலே உப்பு வாரியவரும், தென்னந்தோட்டத்திலே தேங்காய் பொறுக்கியவரும் இன்று ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கவும் விடப்படுவதில்லை. “வருத்தக்காரர், ஆறியிருக்கட்டும்” என்பர் வீட்டார். அவர் முற்றத்தில் நாலடி நடந்தாலும், “இந்த வருத்தத்தோடு இவருக்கு ஏன் இந்த நடை?” என்று அயலவர் கேட்பர். இவையெல்லாம் அன்பினால் எழுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், சத்திரசிகிச்சையை எதிர்நோக்கியிருக்கும் ஒருவருக்கு இவ்வன்பு நன்மை பயக்கின்றதா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இலங்கையிலே ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய்; பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் வரையுள்ள எமது கரையோரத்தவர் பலர் இந்நோய்களுக்காக மஹரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலையை நாடுகின்றனர். புத்தளம் நகரிலிருந்து கொழும்பே ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தூரம். மஹரகம அதற்கும் அப்பாலுள்ளது. பரிசோதனைகள் நடந்து, முடிவுகள் கிடைத்து, சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கப்படும் வரை சில வாரங்கள் செல்வதுண்டு. அந்த வாரங்களை வீணே காத்திருக்கும் காலமாகவே நாம் எண்ணிவிடுகிறோம். அவை சிகிச்சையின் முதற்பகுதியாக அமையலாம் என்பதே இக்கால மருத்துவம் எமக்குக் கூறும் செய்தி.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. பெரியதொரு சத்திரசிகிச்சை முடிந்தபின் புண் ஆறுவதற்கும் கிருமிகளை எதிர்ப்பதற்கும் உடம்புக்கு வழக்கத்திலும் அதிகமான பிராணவாயு வேண்டும். ஆகவே, நோயாளி கட்டிலில் அசையாது கிடப்பினும், அவருடைய இருதயமும் சுவாசப்பையும் மிகுதியாக உழைக்கின்றன. உடப்புக் கரையிலே அம்பாப் பாடலுக்கு இசைய வலையிழுப்போரை நாம் அறிவோம். ஆறு மாதம் வீட்டில் முடங்கியிருந்த ஒருவரைத் திடீரென அவ்வலைக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னால் அவர் என் செய்வார்? சிறிது பொழுதில் மூச்சிரைத்து அமர்ந்துவிடுவார். பயிற்சியில்லாத உடம்பு சத்திரசிகிச்சையைச் சந்திக்கும்போது நேர்வதும் இத்தகையதே.

படுக்கை ஒருவரை எவ்வளவு விரைவாகத் தளர்த்தும் என்பதற்கு ஓர் ஆராய்ச்சி சான்று பகர்கின்றது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரில் சுகதேகிகளான ஐந்து இளைஞரை மூன்று வாரங்கள் படுக்கையிலே இருத்தி, அவர்களுடைய உழைப்பாற்றலை அளந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை விளைத்த தளர்ச்சியிலும், அன்று மூன்று வாரப் படுக்கை விளைத்த தளர்ச்சியே பெரிது எனக் கண்டனர். நோயற்ற இளைஞர் நிலை இதுவாயின், அறுபது வயதைக் கடந்த நோயாளி ஒருவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, பயிற்சியின் பயனை நோக்குவோம். பெருங்குடலிலும் மலக்குடலிலும் புற்றுநோயுற்ற 251 பேரை ஐரோப்பாவிலும் கனடாவிலும் இரு பிரிவாக வகுத்து ஆராய்ந்த முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் வழக்கம்போற் சத்திரசிகிச்சை பெற்றனர். மறு பிரிவினர் அதற்கு முன் நான்கு வாரங்கள், வாரம் மும்முறை மேற்பார்வையுடன் தேகப்பயிற்சி செய்தனர்; புரதச் சத்துள்ள உணவு உண்டனர்; மனத்தளர்ச்சி நீங்க ஆலோசனை பெற்றனர்; புகைப்போர் அப்பழக்கத்தைக் கைவிட உதவியும் பெற்றனர். முதற் பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேருக்குச் சத்திரசிகிச்சையின் பின் கடுமையான சிக்கல்கள் தோன்றின. பயிற்சி பெற்ற பிரிவிலோ அத்தொகை நூற்றுக்கு 17 ஆயிற்று.

இத்தகைய பயிற்சிக்கு யந்திரங்களும் பெருஞ்செலவும் வேண்டுமே என்று நேயர்கள் ஐயுறலாம். அவ்வையத்தை நீக்க வல்லது மற்றோர் ஆராய்ச்சி. மேல்வயிற்றிற் சத்திரசிகிச்சை பெறவிருந்த 432 பேரை அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்களுட் பாதிப்பேருக்கு, சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஒரேயொரு தடவை, அரைமணி நேரம், இயன்மருத்துவர் ஒருவர் மூச்சுப்பயிற்சி கற்பித்தார். மயக்கந் தெளிந்தவுடனே மணிக்கொரு தடவை ஆழ்ந்து மூச்செடுக்கவேண்டும் என்பதே அப்பாடம். அதனைக் கற்காதோரில் நூற்றுக்கு 27 பேருக்குச் சுவாசப்பைக் கோளாறுகள் உண்டாயின. கற்றோரில் 12 பேருக்கே உண்டாயின. நோவும் மயக்கமும் சூழ்ந்த வேளையிற் புதுப்பாடம் மனத்திற் பதியாது. முன்னரே படித்த பாடம் கைகொடுக்கும். பரீட்சை மண்டபத்தில் நூலைத் திறப்பதாற் பயனில்லை என்பதைப் பாடசாலை அதிபராகிய நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நோயாளி செய்யக்கூடியவை யாவை? முதலாவது நடை. வெயில் ஏறுமுன்னரோ, அது தாழ்ந்த பின்னரோ, மூச்சுச் சற்று விரைவாக, ஆயினும் பேச்சுத் தடைப்படாத அளவில் நடத்தல் வேண்டும். பத்து நிமிடத்தில் தொடங்கி நாளடைவிற் கூட்டலாம். தெருவில் நடக்க விரும்பாத பெண்கள் தம் வளவினுள்ளேயே நடக்கலாம். இரண்டாவது, கதிரையிலிருந்து கையூன்றாது எழுந்து மீண்டும் அமர்தல். இது தொடைத் தசைகளை வலுப்படுத்தும். மூன்றாவது, நிமிர்ந்திருந்து மெதுவாகவும் ஆழமாகவும் மூச்செடுத்துச் சற்று நிறுத்தி விடுதல். இவற்றோடு மீன், முட்டை, பருப்பு, பயறு ஆகியன உணவிற் சேர்தல் வேண்டும். வாய்ப்புற்றினால் மெல்ல முடியாதோர் இவற்றைக் குழைத்தும் கரைத்தும் உண்ணலாம். புகையிலையையும் வெற்றிலை பாக்கையும் அன்றே விட்டொழித்தல் வேண்டும்.

எச்சரிக்கைகள் சிலவும் உள. எப்பயிற்சியையும் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். இரத்தக் குறைவு, இரத்தப்போக்கு, காய்ச்சல், இருதய நோய், எலும்பிற் பரவிய புற்று ஆகியவை உடையோருக்குப் பயிற்சியின் அளவும் வகையும் வேறுபடும். நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ தோன்றின் உடனே நிறுத்தி வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். எல்லாவிதப் புற்றுநோய்க்கும் பயிற்சி ஒரே அளவான பயன் தரும் என்றும் கொள்ளலாகாது. யாவற்றிலும் முக்கியமானது ஒன்று: பயிற்சி புற்றைக் கரைக்காது. “இன்னும் பலம் தேறட்டும்” என்று குறித்த திகதியைத் தள்ளிப்போடுவது பேராபத்து. கிடைத்த நாட்களைப் பயன்படுத்துவதே நோக்கமன்றி, நாட்களை நீட்டுவதன்று.

ஆகவே, சத்திரசிகிச்சைக்குத் திகதி பெற்றுவரும் நாளிலே, “அதுவரை நாங்கள் என்ன பயிற்சி செய்யலாம், ஐயா?” என்று வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இயன்மருத்துவரைக் காண ஒழுங்குசெய்து தருமாறும் வேண்டுங்கள். வீட்டாருக்கு நான் கூற விரும்புவது இதுவே: நோயாளியின் கையிலுள்ள செம்பைப் பறிக்காதீர்கள், அவருடன் கூட நடவுங்கள். நோயுற்றவருக்குத் தனிமையே பெரும் பாரம். நாள்தோறும் மாலையில் மகனோ மகளோ உடன் நடக்கும் அந்த அரைமணி நேரம் காலுக்கு வலுவூட்டும். “எனக்காக நானும் ஏதோ செய்கின்றேன்” என்னும் துணிவை மனத்துக்கும் ஊட்டும். அத்துணிவோடு சத்திரசிகிச்சைக்குச் செல்பவர் பாதி ஆயத்தம் செய்துவிட்டவரே ஆவர்.