உடைந்தும் மூழ்காத போர்க்கப்பல்

அமெரிக்கக் கடற்படையின் ‘சாமுவேல் பி. ராபர்ட்ஸ்’ ஃபிரிகேட் வகையைச் சேர்ந்த போர்க்கப்பல். டெஸ்ட்ராயரைவிடச் சிறியது ஃபிரிகேட். மற்றக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்வதே அதன் முதன்மை வேலை. மெய்ன் மாநிலத்தின் பாத் அயர்ன் வொர்க்ஸ் கட்டிய இந்தக் கப்பல் 1986 ஏப்ரல் 12 அன்று பணியில் சேர்ந்தது. எடை சுமார் 4,000 டன். இரண்டு கேஸ் டர்பைன் எஞ்சின்கள். மாலுமிகள் ஏறத்தாழ 200 பேர்.

1942-ல் குவாடல்கனால் போரில் உயிர்நீத்த ஒரு படகோட்டியின் பெயர் இது. இதே பெயர் தாங்கிய முதல் கப்பல், 1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸின் சமார் தீவருகே, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்துப் போரிட்டு மூழ்கியது. அதன் மாலுமிகளின் பெயர்களைப் பொறித்த உலோகத் தகடு ஒன்று புதிய கப்பலில் பதிக்கப்பட்டிருந்தது.

ஈரான்–ஈராக் போர் எண்ணெய்க் கப்பல்களையும் விட்டுவைக்காத காலம் அது. குவைத்தின் எண்ணெய்க் கப்பல்கள் 1987 முதல் அமெரிக்கக் கொடியோடும் கடற்படைக் காவலோடும் பாரசீக வளைகுடாவைக் கடந்தன. அந்தக் காவல் பணிக்கு 1988-ல் ராபர்ட்ஸும் அனுப்பப்பட்டது. ஏப்ரல் 14 பிற்பகலில், முன்னே மிதந்த மூன்று கண்ணிவெடிகளைக் காவல் மாலுமி கண்டார். கப்பலின் தலைவர் பால் ரின், வந்த தடத்திலேயே பின்னோக்கிச் செலுத்தி வெளியேற முயன்றார். கண்ணில் படாத நான்காவது கண்ணிவெடி கப்பலின் அடியில் வெடித்தது. அது 1908-ல் ரஷ்யாவில் உருவான வடிவம். எண்பது ஆண்டுப் பழைய, விலை மலிவான ஆயுதம் ஒரு நவீன போர்க்கப்பலை முடமாக்கிவிட்டது.

கப்பலின் அடிச்சட்டமே முறிந்தது. எஞ்சின் அறையில் வெள்ளம் புகுந்தது, இரண்டு டர்பைன்களும் பீடத்திலிருந்து பெயர்ந்தன, தீ மேலெழுந்தது. கடல்நீரைப் பாய்ச்சித் தீயை அணைக்கப் பார்த்தார்கள். ஆனால் பாய்ச்சிய நீர் உள்ளேயே தேங்கியதால், ஏற்கெனவே தாழ்ந்திருந்த பின்புறம் மேலும் அமிழ்ந்தது. தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு, முதலில் வெள்ளத்தை அடைக்கும்படி ரின் உத்தரவிட்டார். தீ எரியும்போது நீரை நிறுத்துவது எளிய முடிவல்ல. கப்பல் பிழைத்ததற்கு அந்த முடிவு பெரிய காரணம். கசிந்த தடுப்புச் சுவருக்கு மாலுமிகள் மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். விரிசல் விட்ட அலுமினிய மேற்கட்டுமானத்தை எஃகு வடங்களால் இழுத்துக் கட்டினார்கள். ஓடும் வழியில் பலர் அந்தப் பெயர்த் தகட்டைத் தொட்டுவிட்டே சென்றார்கள். போராட்டம் சுமார் ஐந்து மணி நேரம் நீடித்தது. சிறிய துணை மோட்டார்களின் விசையால் கப்பல் மெல்ல நகர்ந்து கண்ணிவெடிப் பகுதியைக் கடந்தது. பத்துப் பேர் காயமடைந்தார்கள், ஒருவரும் இறக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. சேதத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை இந்தக் குழு மீண்டும் மீண்டும் செய்து பழகியிருந்தது.

அப்பகுதியில் கிடைத்த மற்றக் கண்ணிவெடிகளின் வரிசை எண்கள், முந்தைய ஆண்டு ‘ஈரான் அஜ்ர்’ என்ற ஈரானியக் கப்பலில் கைப்பற்றப்பட்டவற்றோடு ஒத்துப்போயின. நான்கு நாட்களில் அமெரிக்கா பதிலடி கொடுத்தது. இரண்டு எண்ணெய்த் தளங்கள் தாக்கப்பட்டன. ‘சஹந்த்’ என்ற ஈரானிய ஃபிரிகேட் மூழ்கடிக்கப்பட்டது. ஈரான் தொடுத்த வழக்கில் 2003-ல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணிவெடியை வைத்தது ஈரான்தான் என்பதற்குச் சான்றுகள் வலுவாக இருந்தாலும் முடிவானவை அல்ல, எண்ணெய்த் தளங்களைத் தாக்கியதைத் தற்காப்பு என ஏற்க முடியாது என்றது. ஈரான் கேட்ட இழப்பீட்டையும் மறுத்தது.

ராபர்ட்ஸ் துபாய்க்கு இழுத்துச் செல்லப்பட்டது. அங்கிருந்து ‘மைட்டி சர்வன்ட் 2’ என்ற கனரகச் சுமைக்கப்பல் அதை முழுதாக முதுகில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா சேர்ந்தது. பாத் அயர்ன் வொர்க்ஸ், சிதைந்த எஞ்சின் அறையை வெட்டியெடுத்துவிட்டு, தனியாகக் கட்டிய 315 டன் எடையுள்ள புதிய பகுதியைப் பொருத்தியது. செலவு சுமார் 9 கோடி டாலர். 1989-ல் மீண்டும் கடலுக்குச் சென்ற கப்பல், அதன் பிறகு கால் நூற்றாண்டு பணியாற்றி, 2015 மே 22 அன்று ஓய்வு பெற்றது.